கப்பல் ஏறும் நாளில் வந்த அக்கா

உப்பு வியாபாரி நூகு லெப்பை அன்று பிற்பகல் ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏற இருந்தார். காலையிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் குரு ஷெய்கு கமாலுத்தீனைத் தேடித் துறைமுகத்துக்கு ஓடிவந்தார். தோளில், ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராமுக்காக வாங்கிய புது வெள்ளைத் துணி.

கரையெங்கும் கூட்டம். ஹாஜிகளை வழியனுப்ப வந்தவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள். நூகுக்கு வழியனுப்ப யாருமில்லை. வாப்பாவும் உம்மாவும் மவுத்தாகி வெகுகாலம். கூடப்பிறந்தவர்களும் கிடையாது.

"ஹஸ்ரத், நீங்க சொல்லிக்கொடுத்த எல்லாப் பேரும் மனப்பாடம். கேட்கிறீங்களா?"

"சொல்லும்."

"மக்காவுக்கு பக்கா, உம்முல் குறா, பலதுல் அமீன். மதீனாவுக்கு தாபா, தைபா. இபுறாகீம் நபியோட பீவிமார் சாறா, ஹாஜர். மூசா நபிக்கு அண்ணன் ஹாரூன். ஈசா நபிக்குத் தாய் மறியம். நம்ம நாயகத்தைப் பெத்த தாய் ஆமினா, பால் கொடுத்த தாய் ஹலீமா." மூச்சு வாங்கியது. "யாரையாவது விட்டுட்டேனா?"

ஷெய்கு வாய் திறக்குமுன் கூட்டத்துக்குள் சலசலப்பு.

மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் ஆட்களை விலக்கி வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை.

"இங்க நூகு யாரு?"

"நான்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் சூசையம்மா. உனக்கு அக்கா."

பக்கத்தில் நின்ற ஒருவர் முகம் சுளித்தார். "ஹஜ்ஜுக்குப் போற மனுசரை மறிச்சிக்கிட்டு என்னம்மா பேச்சு இது? அந்தப் பக்கம் போ."

அவள் நகரவில்லை. "உன்னைப் பெத்ததும் உங்கம்மா காய்ச்சல்ல படுத்துட்டாங்க. எங்கம்மாதான் பால் கொடுத்தா. நான்தான் உன்னை இடுப்புல வச்சிக்கிட்டுத் திரிவேன். அப்புறம் உங்கப்பா உன்னைத் தூக்கிட்டு இந்த ஊருக்கு வந்துட்டார். நீ கப்பல் ஏறுறேன்னு நேத்துதான் எங்க ஊர்க் கரையில சொன்னாங்க. விடியுமுன்ன நடக்க ஆரம்பிச்சேன்."

"இதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் முகம் சுளித்தவர்.

"வலது காதுக்குப் பின்னால, மிளகு மாதிரி ஒரு மச்சம்."

நூகின் கை தானாகத் தலைப்பாகைக்குள் போனது. அது அவருடைய உம்மா மட்டுமே அறிந்த மச்சம்.

ஷெய்கிடம் திரும்பினார். "ஹஸ்ரத், நான் என்ன செய்யணும்?"

"ஒரு பேரை விட்டுட்டீர், நூகு. ஷைமா."

"அது யாரு?"

"ஹலீமாவோட மகள். ஒரு போருக்குப் பிறகு, பிடிபட்டவங்க கூட்டத்துல ஒரு அம்மா நின்னாங்க. 'உங்க தலைவருக்கு நான் அக்கா'ன்னாங்க. யாரும் நம்பலை. நாயகத்துக்கிட்டக் கூட்டிப் போனாங்க. சின்னப் பிள்ளையில அவர் கடிச்ச தழும்பை அந்த அம்மா காட்டினாங்க."

"நாயகம் என்ன செஞ்சாங்க?"

"போர்த்தியிருந்ததை எடுத்து விரிச்சு, உட்காரச் சொன்னாங்க."

நூகு தோளிலிருந்த வெள்ளைத் துணியை உதறினார். மீன் செதிள் மினுங்கிய ஈரமணலில் விரித்தார்.

"உட்காருக்கா."

"ஐயோ, புதுத் துணி. என் சேலையெல்லாம் மீன் தண்ணி."

"உட்காருக்கா."

அவள் ஓரமாக உட்கார்ந்தாள். நூகு எதிரே மணலில் சம்மணமிட்டார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். நான் ரொம்ப அழுவேனா? எப்ப நடந்தேன்? உங்கம்மா என்ன சொல்லி என்னைக் கூப்பிடுவாங்க?

"கருவாட்டுக் குட்டின்னு" என்றாள் அவள். "கருவாட்டைக் கண்டா விடமாட்டே."

நூகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். முகம் சுளித்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கப்பலில் சங்கு ஊதினார்கள். ஹாஜிகளைக் கப்பலுக்கு ஏற்றிப்போகும் கடைசித் தோணி அலையில் ஆடியது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். தோணிக்காரர் நூகின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், பிறகு அதட்டினார்.

சூசையம்மா மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

நூகு எழுந்து ஷெய்கின் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். "ஹஸ்ரத், இஹ்ராம் துணி அவங்களுக்குக் கீழே இருக்கு. எந்திரின்னு எப்படிச் சொல்றது?"

ஷெய்கு வேட்டியை மடித்துக் கட்டினார். முழங்கால் தண்ணீரில் இறங்கிப்போய்த் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தோணிக்காரரே, கொஞ்சம் பொறும். இவரை வழியனுப்ப வீட்டு ஆள் வந்திருக்காங்க."