நூற்பாலைச் சந்திப்பில் ஒரு கணக்கெடுப்பு

இருபத்திரண்டு வருஷம் போக்குவரத்துக் காவலராக வெயிலில் நின்ற தஸ்தகீர், நாற்பத்தாறாவது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். வழிகாட்டி பேராசிரியர் வெரோனிகா அவரைவிட ஐந்து வயது இளையவர்.

வெரோனிகாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது நூற்பாலைச் சந்திப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே கணக்கெடுத்தார். ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு பேர்தான் நடந்து கடந்தார்கள். நடப்பவர்களுக்குத் தனிப் பச்சை விளக்கு தேவையில்லை என்று எழுதினார். அதன்படியே சிக்னல் வைத்தார்கள். வண்டிகள் தேங்காமல் ஓடின. அதே முறையை இன்னும் பதினோரு சந்திப்புகளில் கொண்டுவர மாநகராட்சி நாள் குறித்திருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு தஸ்தகீர் ஒரு நோட்டுடன் வந்து நின்றார்.

“என்ன சார், முகம் ஒரு மாதிரியா இருக்கு?”

“மேடம், நூற்பாலைச் சந்திப்புல நானும் ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்தேன். இப்பவும் முப்பது பேர்தான் கடக்கிறாங்க.”

“சரியாத்தானே இருக்கு?”

“கடக்க வந்து, கடக்க முடியாம திரும்பினவங்களையும் எண்ணினேன். இருநூத்திப் பன்னெண்டு பேர்.”

வெரோனிகா நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“இதை ஆய்வேட்டுல எங்கே போடட்டும் மேடம்? பின்னிணைப்புல போட்டா யார் கண்ணுலயும் படாது.”

“சாயங்காலம் எத்தனை மணிக்கு மில் விடும்?”

“அஞ்சு மணிக்கு.”

ஐந்து மணிக்கு இருவரும் மில் வாசலில் நின்றார்கள். பேருந்து நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தது. வெரோனிகா சாலையில் கால் வைத்தார். ஒரு லாரி ஹாரன் அடித்தது. பின்வாங்கினார். மறுபடி இறங்கினார், மறுபடி பின்வாங்கினார்.

“புதுசா நீங்க?” என்றாள் பக்கத்தில் நின்ற மில் தொழிலாளி ஒருத்தி. “இங்க இறங்கக் கூடாதுக்கா. ஆட்டோவுல ஏறுங்க, பாலத்தடியில திருப்பி அந்தப் பக்கம் விடுவான்.”

வெரோனிகா மில் தொழிலாளிகளோடு நெருக்கியடித்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார். கண்ணெதிரே தெரிந்த இடத்துக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆயிற்று.

குறித்த நாளில் நடந்த மாநகராட்சிக் கூட்டத்தில் தஸ்தகீர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெரோனிகா எழுந்தார்.

“பதினோரு சந்திப்பு வேலையையும் நிறுத்துங்க. என் ஆய்வு தப்பு. கண்டுபிடிச்சவர் தஸ்தகீர் சார், அங்கே உட்கார்ந்திருக்கார்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தஸ்தகீருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

தலைமைப் பொறியாளர் சிரித்தார். “என்ன மேடம், ஒன்பது வருஷத்துல அங்கே நடந்து போறவங்க ஒருத்தர்கூட அடிபடலையே!”

“ஆமா சார். ரோட்டுல இறங்கவே நாம விடலை.”

யாரும் சிரிக்கவில்லை. ஆணையர் நோட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தார். பதினோரு இடங்களிலும் புதிதாகக் கணக்கெடுக்கவும், நூற்பாலைச் சந்திப்பில் உடனே நடப்பவர்களுக்கான விளக்கு வைக்கவும் அன்றே உத்தரவு போட்டார்.

வெரோனிகாவுடன் சேர்ந்து படியிறங்கினார் தஸ்தகீர். எத்தனையோ மேலதிகாரிகளிடம் வேலை பார்த்தவர். தன் தவறைத் தானே எழுந்து நின்று சொன்ன ஒருவரை இதுவரை கண்டதில்லை.

“இத்தனை பேர் முன்னாடி, இவ்வளவு சீக்கிரமா எப்படி மேடம் சொல்ல முடிஞ்சுது?”

வெரோனிகா நின்றார்.

“சீக்கிரமா? ஒன்பது வருஷம் ஆயிடுச்சே, சார்.”