கோமுவுக்குக் கிடைச்ச இங்கிலீஷ் பேரு

ஒரே ஒரு ஊர்ல, சாரல் விழுற தென்காசிப் பக்கம், கோமு கோமுன்னு ஒரு பொண்ணு இருந்தா. ம் சொல்லுடி. நீ ம் சொல்லலைன்னா பெரியம்மா கதையை நிறுத்திருவேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை தியாகராசன், பேங்க் ஆபீசர். சட்டையில ஒரு சுருக்கம் இருக்காது, மூஞ்சியில ஒரு சிரிப்பு இருக்காது. அப்படி ஒரு மனுஷன்.

அப்புறம் தேரோட்டம் வந்துது. டிங் டிங்னு மணியாட்டிக்கிட்டு ஜவ்வு மிட்டாய்க்காரர் வந்தாரு. அப்பல்லாம் அவரு மிட்டாயை இழுத்து இழுத்துக் கையில வாட்ச் கட்டிவிடுவாரு. அந்த ருசி இப்ப எந்தக் கடையில இருக்கு, போ. கோமுவும் பிள்ளைங்களோட நின்னு ஒரு வாட்ச் கட்டிக்கிட்டா. தியாகராசன் பாத்துட்டு, "சைல்டிஷ்"னாரு.

கோமுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட போய்க் கேட்டா. "சின்னப்பிள்ளை மாதிரின்னு அர்த்தம்"னாங்க. கோமுவுக்கு உச்சி குளிர்ந்து போச்சு. பின்னே? நம்ம பக்கம் ஒருத்தியைக் குழந்தை மாதிரின்னா, கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சில்ல சொல்வாங்க. புருஷன் கொஞ்சுறாருன்னு நினைச்சுட்டா. ம்?

அப்புறம் மழை. சோன்னு கொட்டுது. அவரு இன்னும் படிக்காத பேப்பரை எடுத்துக் கத்திக்கப்பல் செஞ்சு வாசல்ல விட்டா. "சைல்டிஷ்"னாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டு. இவ வெக்கப்பட்டு உள்ள ஓடினா.

அப்புறம் மேனேஜர் வீட்டு விருந்து. இலை போட்டாச்சு, கோமுவைக் காணோம். அந்த வீட்டுப் பிள்ளைங்களோட கண்ணாமூச்சி ஆடி, கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருக்கா. தூசியும் தும்புமா வந்து உக்காந்து, மேனேஜர் சம்சாரத்துகிட்ட பெருமையா சொன்னா, "எங்க வீட்டுக்காரரு என்னை எப்பவும் சைல்டிஷ்னுதான் சொல்வாரு."

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. தியாகராசனுக்குச் சோறு இறங்கலை.

வீட்டுக்கு வந்ததும், "எனக்கு நாக்பூருக்கு மாத்தல். நான் மட்டும் போறேன். உனக்கு எப்ப பொறுப்பு வருதோ, அப்ப கூப்பிடுறேன்"னாரு. அதோட பேச்சையும் நிறுத்திட்டாரு.

கோமு டீச்சரம்மாகிட்ட ஓடினா. "அர்த்தம் நான் சொன்னதுதாம்மா. ஆனா இங்கிலீஷ்காரங்க பாஷையில அது வையிற வார்த்தை. குழந்தை மாதிரின்னு மெச்சிச் சொல்ல வேற வார்த்தை வச்சிருக்காங்க."

"அதை அவரு ஒரு தடவைகூடச் சொல்லலையே டீச்சர்"னு அழுதா. பாவம்டி அவ.

அப்புறம் ரயில். கூ...ன்னு ஊதுது. தியாகராசன் ஜன்னலோரம் உக்காந்து மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. கோமு பெரியவங்க பேசுற மாதிரி என்னென்னவோ பேசிப் பாத்தா. உம்முன்னே இருந்தாரு. அப்போ அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ரெண்டு விரலைச் சேத்து ஜன்னல் கம்பிக்குள்ள நீட்டி, "பழமா?"ன்னா. சண்டை போட்ட பிள்ளைங்க ராசியாகுறதுக்குக் கேக்குமே, அதேதான்.

"எல்லாரும் பாக்குறாங்க, கையை எடு"ன்னாரு. இவ எடுக்கலை. வண்டி தடக்... தடக்...னு நகருது. கூடவே நடக்கிறா. நடை ஓட்டமாச்சு. ஓட்டமும் பத்தலை. ஜன்னல் அவளை விட்டுப் போயிட்டுது.

அப்போ... தூங்கிட்டியா? அப்போ அந்த ஜன்னல்ல ஒரு கை வெளிய வந்துது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. ரெண்டு விரல். பிளாட்பாரமே திரும்பிப் பாக்குற மாதிரி, "கோமூ, பழம்!"னு ஒரு கத்து கத்தினாரு.

நாக்பூர்ல வீடு பாத்த கையோட வந்து அவளைக் கூட்டிட்டுப் போனாரு. அந்த வீட்லதான் நானும் உங்கம்மாவும் பொறந்தோம். எங்கப்பா எங்க ரெண்டு பேரையும் முதுகுல ஏத்தி, யானை யானைன்னு வீடெல்லாம் தவழுவாரு. பேங்க்ல இருந்து ஆள் வந்து நின்னாலும் எந்திரிக்க மாட்டாரு. இந்த வயசுலயும் அந்த முதுகு எனக்கு வேணும்போல இருக்குடி.

சரி, கதை கொட்டாவி விட்டாச்சு. நீயும் கண்ணை மூடு.