கண்ணாடிப் பெட்டியில் மேகம்

அந்த மலையில் மேகம் கேட்காமலே வீட்டுக்குள் வரும். கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வரும். ஜன்னலையும் சாத்தினால் வெளியே நின்று காத்திருக்கும்.

அங்கே கடைத்தெருவில், ஒரு பேக்கரியின் மாடி அறையில், சஃபியா என்ற பெண் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கற்றுக்கொடுத்தார். வயது முப்பது ஆகவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் வேண்டும் என்று யார் வந்தாலும், பாகங்களை அவர்களே தங்கள் கையால் பூட்டவும் கழற்றவும் பழகிய பிறகுதான் வாங்க அனுப்புவார்.

மாசிலாமணி அவரிடம் சீடராகச் சேர்ந்தபோது பேக்கரியில் சிரித்தார்கள். சீடர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

தேயிலை எஸ்டேட்டில் அவர் மூட்டை தூக்கியவர். தோள் இறங்கிப்போய்விட்டது. இனித் தூக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து பேனர் டிசைன் செய்யப் பழகியிருந்தார். கடைக்காரர் செல்வநாயகம் அவரிடம் சொல்லியிருந்தார்.

"உங்க வீட்ல ஒரு சிஸ்டம் இருந்தா வேலையை அங்கேயே அனுப்பிடுவேன். இல்லன்னா பொள்ளாச்சிக்குத்தான் அனுப்பணும்."

மனைவி ஜெபக்கனி சீட்டு எடுத்துப் பணம் கொடுத்தார். ஒரு கம்ப்யூட்டருக்கு அது போதும். ஒரு தவறுக்கும் சேர்த்துப் போதாது.

முதல் நாள் மாசிலாமணி கேட்டார்.

"டீச்சர், முதல்ல எதை வாங்கணும்?"

"என்னத்துக்கு வேணும்ணே?"

"எல்லாத்துக்கும்."

"அப்ப எல்லாத்தையும் வாங்குங்க."

"பணம் பத்தாதே."

"சரி, டீ குடிச்சிட்டுப் போங்க. அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் வந்தார். படிக்கட்டிலிருந்தே சொன்னார்.

"பேனர் பண்றதுக்கு. அது ஒண்ணுக்குத்தான்."

"பாதி வாங்கிட்டீங்க," என்றார் சஃபியா. உயிரில்லாத ஒரு பழைய மதர்போர்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

மாசிலாமணி அதில் பழகினார். ப்ராசசரை எந்தப் பக்கம் வைத்து இறக்குவது, ராம் எவ்வளவு அழுத்தினால் உட்காரும், எந்த வயர் எங்கே போகும். மூட்டை தூக்கிய விரல்களுக்கு இவ்வளவு சின்னப் பொருள்கள் புதிது. தூக்கத்தில் அவை பெரிதாகி வந்தன. தேயிலைச் சரிவு முழுக்க மதர்போர்டாக இருந்தது. அதன் நடுவே அவர் கூடையோடு நடந்துபோனார்.

"டீச்சர், ப்ராசசரா ராமா, எது முக்கியம்?"

"உங்களுக்குக் கை முக்கியமா, தோள் முக்கியமா?"

மாசிலாமணி தோளைத் தடவிக்கொண்டு சிரித்தார். "இப்பக் கேட்டா தோள்னுதான் சொல்லுவேன்."

ஒரு நாள் சஃபியா எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சோதிக்கக் காட்டிக்கொடுத்தார். எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் போதும். வேறு எதுவும் இல்லாமலே அது இயங்கும். மின்விசிறியை மாட்டினால் சுற்றும்.

"இது சோதிக்கறதுக்கு மட்டும்," என்றார் சஃபியா.

பிறகு மாசிலாமணி பொள்ளாச்சிக்குப் போனார். வாங்கவேண்டியவை போர்டு, ப்ராசசர், ராம், ஃபைல்களைச் சேமிக்க ஒரு எஸ்.எஸ்.டி, பழைய மானிட்டர் ஒன்று. பாகங்களை உள்ளே வைக்கும் கேபினெட் பெட்டி கடைசியில் போதும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் போதும் என்று சஃபியா சொல்லி அனுப்பியிருந்தார்.

கடைக்குள் நுழைந்ததும் அந்தப் பெட்டியைப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மூன்று மின்விசிறிகள் நீலமாக எரிந்துகொண்டு சுற்றின. வெயில் நேரத்திலும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சாயங்காலம் இருந்தது.

"எஸ்.எம்.பி.எஸ்ஸோட சேர்த்தேதான் தர்றோம்ங்ணா," என்றார் விற்பவர். "வீட்டுக்கு வர்றவங்க முதல்ல பாக்கறதே இதைத்தானுங்களே."

மாசிலாமணி தன் வீட்டை நினைத்தார். வருகிறவர்களை நினைத்தார். உள்ளே போகவேண்டியதை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த மாதம் பணம் எங்கிருந்து வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

மலையேறும் பேருந்தில் ஒவ்வொரு வளைவிலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அவருடைய வீடு எஸ்டேட் லைனில் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். பெட்டியைப் பிரித்து வைத்ததும் வாசலில் ஆட்கள் நின்றார்கள். எரியாத பெட்டியை எப்படிக் காட்டுவது? மாசிலாமணி உள்ளே கைவிட்டு, வயர்களுக்கு நடுவே ஒரு பேப்பர் கிளிப்பைச் சொருகினார்.

வீடு நீலமானது.

வாசல் வழியாக வந்த மேகத்தை முன்பக்கத்து மின்விசிறி மெல்ல இழுத்தது. கண்ணாடிக்குள் மேகம் நீலமாகச் சுற்றிப் பின்பக்கமாக வெளியேறியது. ஜெபக்கனி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வேலை செய்யுதா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி.

மாசிலாமணி தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். குளிருகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் லைன் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கடல் தெரிகிறது என்றாள். ஒருவன் பஸ் போகிறது என்றான், டிரைவர் இல்லாமல் போகிறது என்றான். மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரம் ஓயாமல் சத்தம் போட்டது. மாசிலாமணியும் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். தான் செய்யப்போகும் பேனர்கள் எல்லாம் செய்து முடித்தவையாக உள்ளே தொங்குவது அவருக்குத் தெரிந்தது. எழுத்துகள்கூடத் தெளிவாக இருந்தன.

"உங்க வீட்டுக்காரரு பொட்டிக்குள்ள அப்படி என்னத்தப் பாக்கறாரு, சினிமாவா?" என்றார் பொன்னுத்தாயி.

"யாருக்குத் தெரியும். பாக்கறாரு," என்றார் ஜெபக்கனி.

மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள் மாசிலாமணி பேக்கரி மாடிக்குப் போனார். போய் வெகுநாளாகியிருந்தது. சஃபியா ஒரு சின்ன மின்விசிறியிலிருந்து தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி நல்லா எரியுதாமே. கீழே பேசிக்கறாங்க."

"ஆமா டீச்சர்."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. மேகம் வருது, போகுது."

"வாடகை வாங்குங்கண்ணே."

மாசிலாமணி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நான் பொய் சொல்லல டீச்சர். அவங்களா நினைச்சுக்கிட்டாங்க."

சஃபியா மின்விசிறியை ஊதிப் பார்த்தார். அது சுற்றியது.

அந்த வாரம் செல்வநாயகம் அவரைத் தெருவில் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு பென் டிரைவைத் திணித்தார்.

"மாதா கோயில் திருவிழா பேனர். போட்டோ எல்லாம் இதுல இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல கட்டணும். உங்க சிஸ்டத்தைப் பத்தி ஊரே பேசுதேய்யா! என் கடை மிஷின் ஒரு நாளும் அப்படி எரிஞ்சதில்ல. இதை நல்லாப் பண்ணுங்க, வருஷம் பூரா உங்களுக்குத்தான்."

மாசிலாமணி அதை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியின் முன்பக்கத்துத் துளையில் பென் டிரைவைச் சொருகினார். சொருகினால் அதில் ஒரு சிவப்புப் புள்ளி எரியவேண்டும். எரியவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடியும் சொருகினார். அந்தத் துளையின் வயர் உள்ளே எதிலும் மாட்டாமல் தொங்குவது அவருக்குத் தெரியும். கண்ணாடி வழியாகவே தெரிந்தது. இருந்தாலும் இன்னொரு முறை சொருகிப் பார்த்தார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஜெபக்கனி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் நறுக்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே மாடி ஏறினார்.

"டீச்சர், நான் மாட்டிக்கிட்டேன்."

நடந்ததைச் சொன்னார். சஃபியா கேட்டுக்கொண்டே கீழே போய், பேக்கரியிலிருந்து ரொட்டி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் ஒரு மதர்போர்டை வைத்தார். புதிது இல்லை, ஆனால் உயிருள்ளது. பக்கத்தில் ப்ராசசர், அதன் மின்விசிறி, ராம், எஸ்.எஸ்.டி, ஒரு எஸ்.எம்.பி.எஸ், பழைய மானிட்டர்.

"பூட்டுங்க."

மாசிலாமணி பூட்டினார். கைகளுக்கு எல்லாம் நினைவு இருந்தது. கடைசி வயரையும் மாட்டிவிட்டுத் தேடினார்.

"பட்டன் எங்க டீச்சர்?"

"பட்டன் பெட்டிலதானே இருக்கும். இங்க பெட்டி இல்லியே."

சஃபியா ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, போர்டின் ஓரத்தில் நின்ற இரண்டு சின்னக் கம்பிகளைக் காட்டினார்.

"ரெண்டையும் சேர்த்து லேசாத் தொடுங்க. தொட்டதும் எடுத்துடுங்க."

தொட்டார். மின்விசிறி ஒரு நடுக்கத்தோடு சுற்ற ஆரம்பித்தது. மாசிலாமணி வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். நீலமும் வரவில்லை, எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக நின்றன.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இது பேனர் பண்ணுமா?"

"நீங்க பண்ணுவீங்க. இது கூட வரும்."

மாசிலாமணி பென் டிரைவைச் சொருகினார். சிவப்புப் புள்ளி எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல ஒரு ரிசார்ட்டுல நல்ல சிஸ்டம் இருக்கு," என்றார் சஃபியா. "வரவேற்புல வைக்க அழகா இல்லையாம். எரியிற பெட்டி ஒண்ணு கேக்கறாங்க. உங்க பெட்டியைக் கொடுங்க. அந்தக் காசும் உங்ககிட்ட மிச்சம் இருக்கறதும் சேர்ந்தா, மேஜை மேல இருக்கறது எல்லாம் உங்களுது."

"இதுக்குப் பெட்டி?"

"ரொட்டி அட்டைதான்."

மாசிலாமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தெரு தெரியவில்லை.

"இருட்டினப்புறம் கொண்டாரட்டுமா டீச்சர்?"

"இன்னிக்கு வெளிச்சம் இருக்கும்போதே கடையைச் சாத்திடுவேன்ணே."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜெபக்கனியிடம் சொல்லவேண்டியதைத் தயார் செய்தார். பாதி வழியில் அது நீண்டுபோனது. வாசலுக்கு வந்தபோது எல்லாம் மறந்துவிட்டது.

"ஜெபா, இந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்ல. உன் பணத்துல பாதியை வெறும் பெட்டிக்குக் கொடுத்துட்டேன்."

ஜெபக்கனி அடுப்பைத் தணித்தார். மெதுவாக ஏதோ சொன்னார். மாசிலாமணி ஒன்று கேட்டார். அதற்கும் அவர் பதில் சொன்னார். மாசிலாமணி வயரைப் பிடுங்கினார். வீடு தன் நிறத்துக்குத் திரும்பியது.

பெட்டியைத் தூக்கியபோது தோள் இழுத்தது. ஜெபக்கனி வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் பொன்னுத்தாயி நின்றார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க? ரிப்பேரா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். மாசிலாமணி வாயைத் திறந்தார். பெட்டியின் மறுபக்கம் ஜெபக்கனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா. உள்ள ஒண்ணும் கிடையாது. வெறும் பெட்டி."

"அப்ப இத்தனை நாளா?"

"இத்தனை நாளும் வெறும் பெட்டிதான்."

"அட கர்த்தாவே!" என்றார் பொன்னுத்தாயி. "நான் வேற எங்க அண்ணன் வீட்ல எல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!"

யாரோ சிரித்தார்கள். அடுத்த வாசலில் இன்னொருவர் சிரித்தார். சிரிப்பு லைன் கடைசி வரைக்கும் போனது.

"பொய்," என்றாள் ஒரு சிறுமி. "நான் கடல் பார்த்தேன்."

மாசிலாமணி குனிந்து கண்ணாடிப் பக்கத்தை அவளுக்குக் காட்டினார். அவள் நெற்றியை ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பவும் இருக்கு," என்றாள்.

மேகத்துக்குள் இருவரும் பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் பெட்டியைச் சுமந்தார்கள். பேருந்தில் மாசிலாமணி மட்டும் ஏறினார்.

மாடியில் சஃபியா பெட்டியைத் திறந்து, பேப்பர் கிளிப்பை எடுத்துக் குப்பையில் போட்டார். மதர்போர்டைச் சுற்றிப் பழைய துணியை வைத்து, அட்டையோடு சேர்த்துச் சணலால் கட்டினார்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு டீச்சர்."

"எப்படி?"

"எஸ்டேட் ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குப் பின்னாடி சூடா காத்து வருமாம். அங்க கிளார்க் குல்லாவைக் காயப் போடறதைப் பார்த்திருக்கா. இவளும் என் சட்டையை நம்ம பெட்டிக்குப் பின்னாடி போட்டிருக்கா. மழை பூரா போட்டிருக்கா." மாசிலாமணி நிறுத்தினார். "ஒரு நாளும் காயலையாம்."

சஃபியாவின் கை சணலில் நின்றது.

"ஏன் என்னைக் கேக்கலன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'நாளைக்காவது காயும்னு நினைச்சேன்'னு சொன்னா."

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. மேஜை மங்கியது, மானிட்டர் மங்கியது, எதிரே நின்றவர் மங்கினார். சணலை இழுத்து முடிச்சுப் போடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அட்டைப்பெட்டி மாசிலாமணியின் கைக்கு வந்தது.

"சட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கண்ணே," என்றார் சஃபியா. "போர்டு மேல சொட்டக் கூடாது."