பஜ்ஜி வாசத்தோடு வந்த விருந்தாளி

கோவில்பட்டிப் பக்கம் தங்கமாரி என்று ஒரு மினிபஸ் ஓட்டுநர் இருந்தார். அவர் தொண்டைக்குக் கீழே இரண்டு தெருக்கள். ஒன்று சாப்பாடு போகும் தெரு. இன்னொன்று மூச்சு போகும் தெரு.

மூச்சுத் தெருவில் நாச்சி என்றொரு உயிரணு குடியிருந்தாள். அவள் தலையில் பொடிப்பொடி மயிர்கள். அதுதான் அவளுக்குத் துடைப்பம். காற்றோடு வரும் தூசியெல்லாம் சளியக்காவின் பிசுபிசுத்த முதுகில் ஒட்டிக்கொள்ளும். நாச்சியும் அண்டை அயலாரும் சேர்ந்து வீசி, அக்காவை மேலே தள்ளிவிடுவார்கள். ஒரு நாள்கூட லீவு கிடையாது.

வேலைக்கெல்லாம் நாச்சி அலுத்துக்கொண்டதே இல்லை. அவளுக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் பக்கத்துத் தெருவின் மேல்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அல்வா வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் பக்கம் புழுதி. இது என்ன நியாயம்?

ஒரு நாள் பஸ் முதலாளி, பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெயில் செய்த புது எரிபொருளை வண்டிக்கு ஊற்றினார். தங்கமாரிக்குத் தலைகால் புரியவில்லை. டீசல் காலத்தில் மூக்கில் கட்டிய துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, புகைக்குழாய்க்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டார்.

"வாரும்வே செல்லத்துரை, மோந்து பாரும்! நம்ம வண்டி பஜ்ஜி சுடுது!" என்று கண்டக்டரைக் கூப்பிட்டார். நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுத்தார்.

புகை கைகூப்பிக்கொண்டே உள்ளே வந்தது.

மூச்சுத் தெருவே வாசலுக்கு ஓடிவந்தது. பஜ்ஜி வாசம்! அதுவும் நம்ம தெருவில்! நாச்சி இரண்டு தடவை குதித்தாள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அந்தத் தெருவில் யார் வந்தாலும் முதலில் பூர்வீகம் விசாரிப்பார்கள்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு? எந்த வம்சம்?"

"கடலைக்காட்டு வம்சம்மா. எங்கப்பா கடலையெண்ணெய். அந்த டீசல் பயலுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை."

"செடியில பொறந்தவரு! நம்ம சொந்தக்காரரு மாதிரில்ல!" என்று நாச்சி கைதட்டினாள். துடைப்பங்கள் எல்லாம் மூலைக்குப் போயின. விருந்தாளி வந்த வீட்டில் யாராவது பெருக்குவார்களா?

ஒரு வாரம், தங்கமாரி இழுக்க இழுக்க, தெருவில் ஒரே திருவிழா. சளியக்கா மட்டும் முனகினாள். "ஏட்டி நாச்சி, இவரு கூட்டிட்டு வந்த கரிப் பொடிசுக எல்லாம் என் முதுகில ஏறிக்கிட்டுக் கனக்குதுட்டி. பாதி உள்சந்துக்குள்ள வேற ஓடிருச்சு."

"விருந்தாளி முன்னாடி மூஞ்சியத் தூக்காதக்கா!"

எட்டாம் நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரி சிவந்து வீங்கிப்போய் அலறினாள். அவள் அலறியதில் எதிர்வீடு வீங்கியது. அதைப் பார்த்துத் தெருவே வீங்கியது. காற்று நுழைய இடமில்லை. மேலே தங்கமாரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "வே, மூச்சு முட்டுதுவே..." என்று திணறும் சத்தம் கேட்டது. செல்லத்துரை பதறிப்போய் விசிலை ஊத, பஸ் ஓரத்தில் நின்றது.

நாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுசர் போனால் தெருவும் இல்லை, அவளும் இல்லை. ஓடித் துடைப்பத்தை வீசினாள். பாதி மயிர்கள் அசையவே இல்லை; கருகித் துவண்டு கிடந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மிச்சப் பாதியால் அக்காவைத் தள்ளினாள்.

"இருமல் அண்ணாச்சி, ஓடி வாங்க!"

இருமல் நல்ல பலசாலி. விசாரணையெல்லாம் அவனுக்குத் தெரியாது. வந்த வேகத்தில் புகையின் கழுத்தைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினான். காற்று இழையாக உள்ளே இறங்கியது.

வாசல் வரை துரத்திக்கொண்டு போன நாச்சி, மூச்சிரைக்கக் கத்தினாள். "கடலைக்காட்டுக்காரன்னு பொய் சொல்லித்தானே உள்ள வந்தீரு?"

புகைக்கு ரோசம் வந்துவிட்டது.

"பொய்யா? எங்க பொறந்தேன்னு கேட்டீங்க, சொன்னேன். வழியில எரிஞ்சியான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"