வருவான் என்றார்கள்

தேவநாதனைப் பற்றி ஊர் ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வருவான்.

பதினாறு வயதில் கடலூர் மைதானத்தில் அவர் மட்டை பிடித்ததைப் பார்த்தவர்கள், பெரிய ஆளாக வருவான் என்றார்கள். இருபது வயதில் சென்னைக்குப் போய் ஆடினார். இந்த வருஷம் இல்லாவிட்டாலும் அடுத்த வருஷம் இந்திய அணிக்கு வருவான் என்று பேப்பரில் போட்டார்கள். இருபத்து நான்கில் ஒரே ஓர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு ரன் எடுத்தார். அதில் கடைசியாக ஒரு கவர் டிரைவ். பந்து போன வழியில் புல்கூட அசையவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மைதானம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. அதற்கு அடுத்த பந்தில் அவுட்.

அப்புறம் கூப்பிடவில்லை.

மாநில அணிக்கு மட்டும் இன்னும் பத்து வருஷம் ஆடினார். முப்பது எடுப்பார், நாற்பது எடுப்பார். அத்தனையும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். எதிர் அணியில் பந்து போடுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு கேலி வைத்திருந்தார்கள். தேவா அழகாக ஒன்று அடிக்கட்டும், விட்டுவிடுங்கள், அடுத்தது நம்முடையது என்பார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவரும் சிரித்திருக்கிறார்.

நாற்பது தாண்டியதும் ஊர் அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டது. வந்திருக்க வேண்டியவர்.

வருவான் என்பதைச் சுமக்க முடிந்த மனுஷரால் இதைச் சுமக்க முடியவில்லை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போவதையே நிறுத்தினார். வங்கி வேலை உண்டு, வீடு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கெடிலம் ஆற்றங்கரையில் இருந்த திலகவதி அம்மாவின் குடிலுக்குப் போவார்.

திலகவதி அம்மா ஒரு காலத்தில் பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். தேவநாதனைவிட மூன்று வயது இளையவர்தான். ஆனால் எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், தேவநாதனும் அப்படித்தான். காலையில் விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவார். மத்தியானம் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுவார். உபதேசம் என்று எதுவும் சொல்லமாட்டார். தேவநாதன் ஆறு வருஷமாக அங்கே போய்க் கூட்டிப் பெருக்கி, விளக்கருகே உட்கார்ந்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

அந்தத் தை மாதம் அவர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமையே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

மகள் வைதேகிக்கு அடுத்த புதன்கிழமை முகூர்த்தம். நிச்சயதார்த்தத்துக்கே இவர் போகவில்லை. ஆடிட் இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார். காரணம் வேறு. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் பெரியப்பா இவரை உற்றுப் பார்த்து, நீங்கள் எங்கேயோ வந்திருக்க வேண்டியவராச்சே என்று சொல்லிவிட்டார். நல்ல மனதோடு சொன்னதுதான். தேவநாதன் கொல்லைப்பக்கம் போனவர், அவர்கள் கிளம்புகிற வரைக்கும் திரும்பவில்லை.

கல்யாணத்தன்று வாசலில் என் தம்பி நிற்கட்டும், நீங்கள் தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்தால் போதும் என்று மனைவி சியாமளா தானாகவே சொல்லிவிட்டார். சண்டை போட்டுச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். இவர் குடிலுக்கு வருவதற்கு முதல் நாள் ராத்திரி வைதேகி பெங்களூரிலிருந்து போன் செய்திருந்தாள். புடவை, பூ என்று எதையெதையோ பேசிவிட்டு, வைக்கப்போகும்போது மெதுவாக ஒன்று கேட்டாள்.

"அப்பா, நீங்க வருவீங்கல்ல?"

பெற்ற மகள் தன் கல்யாணத்துக்கு அப்பாவிடம் கேட்கிற கேள்வியா இது என்று தேவநாதன் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும் அம்மா. கையில வித்தை இருந்துது. உடம்புல தெம்பு இருந்துது. என்னைவிடக் கம்மியா ஆடினவன் எல்லாம் நூறு ஆட்டம் ஆடிட்டான். நான் ஏன் வரலை? அது தெரிஞ்சா எவன் முன்னாடியும் நிப்பேன்."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. ஒருத்தருக்குப் பந்து எத்தனை வரும்?"

"அவுட்டாகிற வரைக்கும் வந்துகிட்டே இருக்கும் அம்மா."

"அப்படியா," என்றார் அம்மா. பிறகு, லீவு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். கல்யாணத்துக்கென்று முன்னாலேயே போட்ட லீவுதான், நிறைய இருக்கிறது என்றார் இவர்.

"அப்போ மத்தியானம் வாசல்ல நில்லுங்க."

அந்தக் குடிலில் அது ஒரு வேலை. பெயர்ப்பலகை கிடையாது, மணி அடிப்பது கிடையாது. பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்ல வேண்டும். பசித்து வருகிறவர்களுக்குக் கூச்சம் இருக்கும், கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு.

எதிர்ப்பக்கம் ஒரு பூவரச மரம் நின்றது. அம்மா அதைக் கண்ணால் காட்டினார். மூன்று நாளாக ஒருவர் அங்கே வந்து நின்றுவிட்டுப் போகிறாராம். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை.

"வேலை போன மனுஷர் மாதிரி இருக்கார். பசிக்கு இன்னும் பழகலை. நாம போய்க் கூப்பிட்டா ஓடிடுவார். அவராவே ரோட்டைத் தாண்டி வருவார். வந்ததும் வாங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

முதல் நாள் தேவநாதனுக்கு வாய் வரவில்லை. வருகிறவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சமையல்கட்டில் இருந்த கோதண்டம் வெளியே வந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"சார், நீங்க தலையாட்டறது பேங்க்ல டோக்கன் நம்பர் கூப்பிடற மாதிரி இருக்கு. சோத்துக்குக் கூப்பிடறோம். கொஞ்சம் சிரிங்க."

தேவநாதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சொல் தானாக வந்தது. கூடைக்காரப் பெண்கள் வந்தார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள் வந்தார்கள். ஒருவரும் அவர் யார் என்று கேட்கவில்லை. வாங்க என்றதும் அவர்கள் முகம் தளர்வதை அவர் பார்த்தார். இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. மரத்தடி மனிதர் அன்றைக்குச் சாலையின் ஓரம் வரைக்கும் வந்து, ஒரு பஸ் போகட்டும் என்று நிற்கிறவரைப் போல நின்று, திரும்பிப்போனார். நாளைக்கு வந்துவிடுவார் என்று தேவநாதன் ஆசையோடு அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மாவும் தலையசைத்தார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கூட்டம் அதிகம். குடை பிடித்தபடி ஒருவர் வந்தார். நெல்லிக்குப்பத்துக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாங்க, சாப்பிடலாம் என்று தேவநாதன் சொன்னதும் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க... கடலூர் தேவநாதன் இல்ல?"

தேவநாதன் தலை குனிந்தார். அடுத்து அந்தச் சொல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வரவில்லை. கண்டக்டர் வேறு ஒன்றை ஆரம்பித்தார். அந்த ஒரே ஆட்டத்தை அவர் டீக்கடை டிவியில் நின்றுகொண்டே பார்த்தாராம். டியூட்டிக்கு நேரமாகியும் போகவில்லையாம். அந்த கவர் டிரைவைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டுவிட்டாராம். அன்றைக்கு அடுப்பு அணைந்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். பின்னால் வந்தவர்களும் நின்று கேட்டார்கள்.

"முன்காலை எங்க வச்சீங்க சார் அன்னைக்கு? இருபத்தேழு வருஷமா நானும் வீட்டுல கரண்டியை வச்சு அடிச்சுப் பாக்கறேன், வரலை."

தேவநாதன் கையை நீட்டினார். கண்டக்டர் குடையை மடக்கிக் கொடுத்தார்.

குடைக்காம்பு உள்ளங்கையில் உட்கார்ந்ததும் தோள் தானாக இறங்கியது. தலை குனிந்து, கண் பந்தின் மேல் போனது. இடது கால் முன்னே போனது, அவசரமில்லாமல், கோலத்தை மிதிக்காமல் தாண்டுகிறவர் மாதிரி. குடை நேராக வந்து காற்றைத் தொட்டு மேலே போய் நின்றது. அப்படியே நின்றார். பந்து ஓடியது, புல் அசையவில்லை, மைதானம் எழுந்தது. அவர் காதில் அந்தச் சத்தம் கேட்டது. கரும்பு வெட்டுகிறவர்களும் கை தட்டினார்கள். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்.

தேவநாதன் இன்னொரு தடவை ஆடினார்.

குடை இரண்டாவது முறையும் மேலே போய் நின்றது. அதற்குக் கீழே, சாலையில், ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. வெளுத்த சட்டை. மஞ்சள் பை.

"அவரு வந்து இப்பத்தான் நின்னாரு," என்றாள் ஒரு கூடைக்காரப் பெண். "உங்களையே பாத்துக்கிட்டு நின்னாரு. கொஞ்ச நேரம். யாரும் ஒண்ணும் சொல்லலை. போயிட்டாரு."

தேவநாதன் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தொரு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினார். பண்ருட்டி பஸ் கிளம்பிப் புழுதிதான் மிச்சமிருந்தது. பெயர் தெரியாது. கூப்பிடவும் முடியாது. பஸ் போன திசையில் கொஞ்சதூரம் நடந்தார். பிறகு நின்றார்.

திரும்பி வரும்போது பந்தி முடிந்திருந்தது. எல்லா இலையும் எடுத்தாகிவிட்டது. வாசலைப் பார்த்தாற்போல் இருந்த ஓர் இலை மட்டும் கிடந்தது. அதில் சோறு, கீரை, ஒரு துண்டு வெல்லம். அந்த மனிதர் சாலையைத் தாண்டுவதைக் கண்டதுமே அம்மா பரிமாறிவிட்டிருக்கிறார். கோதண்டம் அந்த இலையைப் பார்த்தார், தேவநாதனைப் பார்த்தார், ஒரு கேலியும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

தேவநாதன் அந்த இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அவரும் இன்னும் சாப்பிடவில்லை.

"நாளைக்கு வருவாராம்மா?"

"தெரியாது."

"நாலு நாளா நின்னு நின்னு தைரியம் சேத்திருக்கார். இனிமே எப்படிம்மா வருவார்?"

அம்மா ஈ மொய்க்காமல் இலையை விசிறினார்.

"ஒரே ஒரு வார்த்தை. அதுக்குத்தானே என்னை நிக்க வச்சீங்க. அவர் ஏன் வரலைன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்."

"அவர் வந்துட்டார், தேவநாதன்," என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை, ஜுரக்காரரிடம் பேசுகிற குரல். "வந்தவர் வந்துட்டார். வாசல்லதான் ஆள் இல்லை."

ஆற்றுப்பக்கமிருந்து காற்று வந்து இலையின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது. தேவநாதன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை அம்மா பார்க்காதவர் போல விசிறிக்கொண்டே இருந்தார்.

துண்டை எடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வியாழக்கிழமை எதைக் கேட்க வந்தாரோ அதை அவர் திரும்பக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"புதன்கிழமை மண்டப வாசல்ல நிப்பேன் அம்மா. வைதேகிகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன். ஆனா அங்கேயும் யாராவது வருவாங்க. உங்களை மறக்க முடியுமா, அந்த அடியை மறக்க முடியுமாம்பாங்க. இல்லாட்டி, வந்திருக்க வேண்டியவராச்சேம்பாங்க. ரெண்டுல எது சொன்னாலும் நான் அந்த மைதானத்துக்கே போயிடுவேன். எனக்குத் தெரியுது. அப்போ நான் என்ன செய்ய?"

அம்மா விசிறியைக் கீழே வைத்தார்.

"அப்படிச் சொல்றவருக்குப் பின்னால இன்னொருத்தர் வந்துகிட்டிருப்பார். அவரைப் பாத்து, வாங்கன்னு சொல்லுங்க."