செம்பி இட்ட வெளுத்த முட்டை

ஒரு காட்டின் ஓரத்தில் இருந்த கொல்லையில் செம்பி என்ற கோழி வாழ்ந்தது. அது இடும் முட்டை நல்ல பழுப்பு நிறம். இட்டு முடித்ததும் ஊரையே கூட்டுவதுபோல் கொக்கரிக்கும். கொஞ்சம் பெருமைக்காரக் கோழிதான், குழந்தைகளே. ஆனாலும் அதன் மனத்தில் ஒரே ஓர் ஆசை இருந்தது. முட்டைகளைச் சேர்த்து, அடைகாத்து, குஞ்சு பொரிக்க வேண்டும்.

கொல்லையில் நின்ற முருங்கை மரத்தில் குடியிருந்த காகத்துக்கும் அந்த முட்டைகள்மேல் ஆசைதான், வேறு விதமாக.

ஒரு நாள் காலை, செம்பி முட்டையிட உட்கார்ந்த நேரம் பார்த்து, "பருந்து! பருந்து!" என்று காகம் அலறியது. செம்பி வெலவெலத்துப் போனது. பருந்து வரவில்லை. முட்டை வந்தது. ஆனால் அது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

காகம் இறங்கி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"கெட்ட முட்டை, அக்கா. வைத்திருந்தால் மற்றதையும் கெடுத்துவிடும். நான் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன். உனக்கு இதுகூடச் செய்யமாட்டேனா?"

"நீ நன்றாக இருக்கணும், தம்பி" என்று செம்பி கண்கலங்கியது.

மறுநாளும் அலறல், மறுநாளும் வெளுத்த முட்டை. அதற்குப் பிறகும் அதே கதைதான். காகம் மினுமினுவென்று கொழுத்தது. செம்பிக்குத் தீனி இறங்கவில்லை. இனி எனக்குக் குஞ்சே கிடையாது என்று மூலையில் குந்தி அழுதது.

பிறகு ஒரு நாள் விடாமல் மழை பெய்தது. காகம் வெளியே தலைகாட்டவில்லை. செம்பி, கொல்லையில் சாய்த்து வைத்திருந்த பஞ்சாரம் என்ற மூங்கில் கூடைக்குள் அமைதியாக உட்கார்ந்து முட்டையிட்டது. திரும்பிப் பார்த்தால் அதே பழைய பழுப்பு நிறம்.

செம்பி மழையிலேயே ஓடிப்போய், தினமும் அந்த அலறலைக் கேட்டுவந்த பக்கத்துக் குட்டை வாத்திடம் சொன்னது.

"அப்படியானால் இன்றைக்குப் பருந்து வரவில்லையா?" என்று வாத்து கேட்டது.

"பருந்து என்றைக்கு வந்தது? காகம்தான் வருகிறது என்று சொல்லும்."

சொல்லிவிட்டுச் செம்பி அப்படியே நின்றது. பயந்த நாளெல்லாம் முட்டை வெளுத்தது. பயமில்லாத நாளில் வெளுக்கவில்லை. தன்னிடம் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்ததும் அதற்கு உயிரே திரும்பி வந்தது. கூடவே நல்ல கோபமும் வந்தது.

மழை விட்டதும் காகம் பழையபடி அலறியது. செம்பி நடுங்கத்தான் செய்தது, பழகிய பயம் ஒரே நாளில் போகுமா? முட்டையும் வெளுப்பாகவே வந்தது.

"கொடு அக்கா, போட்டுவிடுகிறேன்."

"வேண்டாம் தம்பி. இதுவும் நான் இட்டதுதான்."

"மற்றதெல்லாம் கெட்டுப்போகுமே."

"கெட்டால் எனக்குத்தானே நஷ்டம்? உனக்கு ஏன் வயிறு எரிகிறது?"

அன்றிலிருந்து செம்பி பஞ்சாரத்துக்குள்தான் முட்டையிட்டது. கொக்கரிப்பதையும் விட்டுவிட்டது. முட்டைகள் சேர்ந்ததும் அடைகாத்தது. எல்லாம் பொரிந்தன, அந்த வெளுத்த முட்டையும்தான்.

குஞ்சுகள் முதன்முதலாக வெளியே வந்த அன்று, "பருந்து! பருந்து!" என்று மரத்திலிருந்து குரல் வந்தது. செம்பி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு, இம்முறை தானே அண்ணாந்து பார்த்தது.

"மேலே உன்னைத் தவிர யாரும் இல்லையே, தம்பி" என்றது.

நீதி: பயத்தை உண்டாக்கியவரே சொல்லும் வழியை நம்பக் கூடாது.