ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொன்ன மில் முதலாளி

பொள்ளாச்சி மில் முதலாளி நாச்சிமுத்துவிடம் அவர் அப்பா காலத்துக் கார் ஒன்று இருந்தது. பழைய கார் ஊர்வலம் நெருங்கியதும் டிரைவர் ஆறுச்சாமியைக் கூப்பிட்டார்.

"ஏர் ஃபில்டரைக் கழட்டிப் போடு. எஞ்சின் சிங்கம் மாதிரி உறுமணும். ஆனா எஞ்சினுக்கு ஏதாவது ஆச்சு, உனக்கு வேலை இல்லை."

ஆறுச்சாமி கணக்குப் போட்டுப் பார்த்தான். கழற்றினால் தூசி புகுந்து எஞ்சின் தேயும். மாட்டேன் என்றாலும் வேலை போகும்.

"சரிங்க முதலாளி. ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துடலாங்க" என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் அவரை ஏற்றிக்கொண்டு கல்குவாரிப் பாதையில் காரை விட்டான்.

"பார்த்தியா, என்னமா உறுமுது" என்று முதலாளி பூரித்துப்போனார். அதற்குள் முன்னால் போன லாரி கிளப்பிய புழுதி ஜன்னல் வழியாக வந்து அவர் வாயை அடைத்தது. இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது.

"கண்ணாடியை ஏத்துடா."

"ஏத்தறேங்க. பாவம், எஞ்சினுக்குத்தான் ஏத்தறதுக்குக் கண்ணாடி இல்லைங்க."

முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டார். "வண்டியை நிறுத்து. முதல்ல அந்த ஃபில்டரை மாட்டு."

ஆறுச்சாமி பானெட்டைத் திறந்து காட்டினான். ஃபில்டர் அதன் இடத்திலேயே இருந்தது.

"இன்னும் கழட்டவே இல்லைங்க."

"அப்ப நான் கேட்ட உறுமல்?"

"அது தினமும் போடற சத்தந்தாங்க."

முதலாளி முறைத்தார். பிறகு இருமலுக்கு நடுவே சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. வேலை பிழைத்தது என்ற நிம்மதியில் ஆறுச்சாமி பானெட்டை மூடினான்.